குழாய்த் தண்ணீர் சொன்ன சாட்சி

"அண்ணே, காப்பியில சீனி போட மறந்துட்டேன்" என்றான் உதவியாள் கபீர்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தான் லெட்சுமணன்.

கபீர் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் போடாமல் விட்டான். போன வாரம் உப்புப் போட்டுக்கூடப் பார்த்தான். அதற்கும் இதே 'அப்படியா'தான். ஜொகூர் பாரு முழுக்கப் பெயர் வாங்கிய துப்பறியும் லெட்சுமணன், மனைவி அங்கம்மாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு இப்படி ஆகிவிட்டான். அழவில்லை, குடிக்கவில்லை, வேலைக்கு வராமல் இருக்கவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அவன் மனசு. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஐயாசாமிக்கும் காப்பி கொடுத்திருந்தார்கள். அதில் சீனி தாராளமாகவே இருந்தது. அவர்தான் தொடவில்லை. லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயிலடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனிதர். தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய அண்ணன் தங்கராஜு இறந்துபோயிருந்தார். இது திங்கட்கிழமை காலை.

தங்கராஜுவை ஊருக்கே தெரியும். பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசியை மொத்தமாக வாங்கி, டின்னில் அடைக்கும் கம்பெனிகளுக்கு விற்று மேலே வந்தவர். துரைமாரோடு சரிசமமாகக் கை குலுக்குகிறவர். வீட்டுக்காரி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. கிருஷ்ணம்மா என்ற சமையல்காரியும், கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் நீந்திய தங்கமீன்களும்தான் அவருக்குக் குடும்பம்.

"கிருஷ்ணம்மாவை லாக்கப்புல போட்டுட்டாங்க சார்" என்றார் ஐயாசாமி. "அவ குடுத்த காப்பியைக் குடிச்சு அண்ணன் செத்துட்டாராம். மிச்சத்தைத் தொட்டியில ஊத்துனதால மீனும் செத்துப்போச்சாம். அடுப்படியில தூபா வேர் கட்டு இருந்துச்சு. அது கத்தரிச்செடிப் புழுவுக்கு வச்சிருந்தது. சொன்னா யாரு கேக்குறா?"

மலாய்க்காரர்கள் நசுக்கி ஆற்றில் கலக்கி மீன் பிடிக்கும் வேர் தூபா. கலந்த கொஞ்ச நேரத்தில் மீன் மிதக்கும். ஜொகூரில் அதை அறியாத ஆள் கிடையாது. செத்த மீனையும் தூபா வேரையும் ஒரே வீட்டில் பார்த்தால் எந்தப் போலீஸ்காரனுக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டான் லெட்சுமணன்.

"தந்தி கெடச்சதும் சனிக்கிழமை ரயில்ல. என் மக பேச்சியம்மாளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் சார். மொதப் பாக்கு அண்ணனுக்குத்தான் வைக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

"மீன் எங்க வாங்குனது?"

"வாங்குனது இல்ல. எங்க கெணத்தடித் தொட்டியில பொரிச்ச குஞ்சுங்க. நாந்தான் டின்னுல தண்ணி ஊத்தி மடியில வச்சுக்கிட்டு ரயில்ல கொண்டாந்தேன்." அண்ணனைப் பற்றிச் சொன்னபோது உடையாத குரல் மீனைச் சொல்லும்போது உடைந்தது. லெட்சுமணன் அதைக் கவனித்தான். கவனித்தானே தவிர, ஒன்றும் தோன்றவில்லை.

"அவ தூக்குல தொங்கிறக் கூடாது சார். அவ செய்யலைன்னு காட்டிடுங்க. எனக்கு அது போதும்."

போலீஸ் நிலையத்தில் சார்ஜன் கனகராஜ் மீசையைத் தடவிக்கொண்டு மகாராஜா கணக்காய் உட்கார்ந்திருந்தார். "கேசு முடிஞ்சுது, லெட்சுமணன். வயித்துல இருந்ததைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கு. பதில் வர்ற வரைக்கும் மீனே சாட்சி. கூட்டாளி ஒருத்திதான் இன்னும் ஆப்புடலை."

"கூட்டாளியா?"

"கருப்பாயி. கைதியே உளறிட்டா. 'கருப்பாயியைக் காணோம், கருப்பாயியைக் காணோம்'னு ஒரே பொலம்பல். குண்டா, கறுப்பா, முழி பிதுங்கியிருக்குமாம். ஆளுங்களை அனுப்பித் தோட்டம் தோட்டமாத் தேடுறேன்."

கிருஷ்ணம்மா கம்பிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். லெட்சுமணன் அவள் பெயரைச் சொன்னதும் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு, சவரம் செய்யும்போது கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்போலவே இருந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

"கருப்பாயி யாரும்மா?"

"மீனுங்க."

சார்ஜன் கையிலிருந்த பென்சில் நின்றது. "என்னது?"

"மீனு ஐயா. அது ஒண்ணுதான் கறுப்பு. கண்ணு பிதுங்கியிருக்கும். எல்லா மீனும் செத்து மெதந்துச்சு, அதை மட்டும் காணோம்."

கபீர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். "சார்ஜன், தோட்டத்துல தேடுற ஆளுங்ககிட்ட ஆளுக்கொரு தூண்டில் குடுத்தனுப்பலாம்லா. புழுவுக்கு நான் பொறுப்பு."

"வாயை மூடு."

லெட்சுமணன் சிரிக்கவில்லை. காணாமல் போன மீன் அவன் மூளையில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மனசு மரத்தாலும் மூளை மரக்காது போலும். "தொட்டிக்குத் தண்ணி யாரு மாத்துவா?" என்று கேட்டான்.

"நாந்தான். வெள்ளிக்கிழமை காலையில கல்லையெல்லாம் தேச்சுக் கழுவிப் போட்டு, பாதித் தண்ணி மாத்துனேன். ஜாடித் தண்ணி."

"அதென்ன ஜாடித் தண்ணி?"

"பின்பக்கம் ஒரு சீன ஜாடி இருக்குங்க. குழாய்ல புடிச்சு அப்படியே ஊத்தக் கூடாது. புதுக் குழாய் வந்தப்ப ஐயாவே ஆசையாப் புடிச்சு ஊத்துனாரு. அத்தனை மீனும் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து செத்துச்சு. மனுசனுக்கு நோய் வராம இருக்கத் தண்ணியில மருந்து போடுறாங்களாம். அது மீனுக்கு ஆவாது. சீனன் மீன்கடையில கேட்டுட்டு வந்து ஐயா சொன்னாரு: ஜாடியில ரொப்பி வெயில்ல தொறந்து வை, அப்பப்ப அகப்பையால கலக்கி விடு, மறுநாள்தான் ஊத்தணும். மழை பெஞ்சா மருந்து கூடப் போடுவாங்க, இன்னொரு நாள் வைக்கணும். ஊத்தறப்பவும் மொத்தமா மாத்தக் கூடாது, பாதிதான். ரெண்டு தண்ணியிலயும் கையை விட்டுப் பார்த்து, சூடு ஒண்ணா இருந்தாத்தான் ஊத்தணும். வீட்டுக்கு வர்ற தோட்டக்காரன்ல இருந்து எல்லாருக்கும் இது தெரியும். தெரியாம யாராச்சும் குழாய்ப் பக்கம் வாளியைக் கொண்டுபோனா ஐயா தொலைச்சுப்புடுவாரு."

மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பது போல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஜாடியில இப்ப எவ்வளவு தண்ணி இருக்கும்?"

"ஜாடியில பறக்குற பாம்பு போட்டிருக்கும். அதோட வால் மட்டம் இருந்துச்சு. கொசு முட்டை வைக்கக் கூடாதுன்னு பலகை போட்டு மூடிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன்."

"திரும்பி வந்தப்ப ஐயா எப்படி இருந்தாரு?"

"சாய்வு நாக்காலியில கண்ணை மூடியிருந்தாரு. வேட்டிக் கரை ஈரமா இருந்துச்சு. கால் கழுவிட்டு வந்து அசந்துட்டாருன்னு நெனச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். சோறாக்கி எடுத்துட்டு வந்து கூப்டேன், எந்திரிக்கலை. அப்பறம் பார்த்தா மீனும் மெதக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு அழுகையே வரலை ஐயா. இன்னும் வரலை. அதான் இவங்களுக்குச் சந்தேகம்."

"ஆமாய்யா. எஜமான் செத்துக் கெடக்குறாரு, இவ கல்லு மாதிரி நிக்கிறா" என்றார் சார்ஜன்.

"வராது" என்றான் லெட்சுமணன். "சில பேருக்கு வராது சார்ஜன். அதைச் சாட்சியா எழுதாதீங்க."

கபீர் அவனை ஒரு பார்வை பார்த்தான்.

தங்கராஜுவின் வீடு பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. சார்ஜன் சாவியோடு வந்தார். ஐயாசாமியும் வாசல் வரை வந்தார். "என்னால உள்ள வர முடியாது சார்" என்று சொல்லி முன்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில், காலியான சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது தொட்டி. இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. செத்த மீன்களைச் சார்ஜன் பாட்டிலில் போட்டுக்கொண்டு போயிருந்தார். தண்ணீரும் கூழாங்கற்களும் அப்படியே இருந்தன.

"தண்ணியைப் பாருங்க" என்றான் லெட்சுமணன்.

சார்ஜன் பார்த்தார். "என்ன இருக்கு? ஒண்ணுமில்லையே."

"அதைத்தான் சொல்றேன். கபீர், அடுப்படியில இருந்து தூபா வேரும் ஒரு கிளாஸ் தண்ணியும் கொண்டா."

கபீர் வேரை நசுக்கித் தண்ணீரில் கசக்கினான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. "சீனி போட்டா நம்ம அண்ணன் இதையும் குடிச்சுருவாரு" என்று சார்ஜனிடம் ரகசியம் சொல்கிற பாவனையில் உரக்கச் சொன்னான்.

"தூபா கலந்த தண்ணி இப்படித்தான் ஆகும். காப்பி ஊத்துனா அதுவும் கலங்கும். தொட்டித் தண்ணி பளிங்கா இருக்கு" என்றான் லெட்சுமணன்.

"மூணு நாள் ஆச்சுல்ல? வண்டல் அடியில தங்கியிருக்கும்." சார்ஜன் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"இருந்தா எடுத்துருவோம்."

கபீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூழாங்கற்களை அள்ளி அள்ளித் தரையில் பரப்பினான். காலையிலிருந்து அவனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பாக்குத் தீர்ந்துபோயிருந்தது. அந்தத் துக்கத்தைப் போலீஸ் நிலையத்திலிருந்து இங்கே வருகிற வரை சொல்லித் தீர்த்திருந்தான். இப்போது திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"அலமாக்! அண்ணே, கேட்டவனுக்குக் குடுக்குறவன் அல்லா. இங்க பாருங்க, கல்லுக்கு நடுவுல கொட்டைப்பாக்கு!"

துடைத்து வாயருகே கொண்டுபோனான்.

"வைக்காதே!"

லெட்சுமணன் போட்ட சத்தத்தில் சார்ஜனே ஒரு அடி பின்னால் போனார். அங்கம்மா போனதிலிருந்து அவன் குரல் உயர்ந்து கபீர் கேட்டதில்லை. பாக்கு கைமாறியது. தண்ணீரில் ஊறிக் கிடந்தும் அதன் வரிகளுக்குள் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"தங்கராஜு வெத்தலை போடுவாரா, சார்ஜன்?"

"சேச்சே. பல்லுக் கறையாகும்னு தொடவே மாட்டாரு."

"திங்கிற பாக்குக்கு யாரு மஞ்சள் பூசுவா?" என்று கபீர் முணுமுணுத்தான். அவனுக்குத் தன் வாய்க்கு எட்டியது கைநழுவிய வருத்தம்.

லெட்சுமணன் பாக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தொட்டியைத் திரும்பப் பார்த்தான். தண்ணீர் விளிம்புவரை தளும்பி நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் கற்களைக் கழுவியவள் கண்ணில் இவ்வளவு பெரிய கொட்டைப்பாக்குப் படாமல் இருந்திருக்காது. அப்படியானால் அது அதற்குப் பிறகு விழுந்தது. வேட்டிக் கரை ஈரம் அவன் நினைவில் வந்து பாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"பின்பக்கம் போலாம்."

கூடத்திலிருந்து பின்கட்டுக்கு ஒரு நடை. நடையின் முடிவில் வெயில் விழும் முற்றத்து ஓரமாக ஜாடி, அதற்கு எதிரே குழாய். கபீர் குழாயைத் திறந்து மோந்து பார்த்தான். "வண்ணாந்துறை வாசம் அடிக்குதுண்ணே. வெளுக்கப் போட்ட வேட்டியைக் குடிக்கிற மாதிரி இருக்கு."

"வாசல் சாக்கடையில ஒரு பொடிமீன் புடிச்சுட்டு வா."

"நான் துப்பறியிற தொழிலுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே போனவன், துண்டில் ஒரு விரல்நீளப் பொடிமீனோடு திரும்பி வந்தான். ஒரு மங்கு நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து அதில் விட்டார்கள். மூவரும் சுற்றிக் குந்தினார்கள். பார்க்கிறவர்களுக்குச் சூதாட்டம் என்று தோன்றியிருக்கும்.

முதலில் மீன் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு மேலே வந்தது. தண்ணீருக்கு மேல் வாயை நீட்டி, திறந்து மூடி, திறந்து மூடி, காற்றைக் கடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கடைசி நாளன்று அங்கம்மாவும் இப்படித்தான் மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். லெட்சுமணன் அதை நினைத்தான். நினைத்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. தன்மேல் அவனுக்கே வெறுப்பு வந்தது.

"போதும். அதை எடு. ஜாடித் தண்ணி மொண்டு அதுல விடு."

"சாக்கடை மீனுதானே அண்ணே?"

"விடுன்னா விடு."

கபீர் ஜாடியின் பலகையை நகர்த்தினான். தண்ணீர் பறக்கும் பாம்பின் வால் மட்டத்திலேயே நின்றது, துளி குறையவில்லை. கையை உள்ளே விட்டவன் ஆகாயத்துக்குக் குதித்தான்.

"யா அல்லா! ஜாடிக்குள்ள ஷைத்தான் இருக்கு! என் கையில முத்தம் குடுக்குது!"

லெட்சுமணன் எட்டிப் பார்த்தான். ஜாடியின் இருட்டிலிருந்து ஒரு குண்டு மீன் மெல்ல மேலே வந்தது. கறுப்பு. பிதுங்கிய இரண்டு கண்கள்.

"சார்ஜன், உங்க கூட்டாளி ஆப்புட்டுட்டா" என்றான்.

அவன் விரலை விட்டான். பசியில் இருந்த கருப்பாயி அதை இரை என்று நினைத்து வாயால் தொட்டது. குளிர்ந்த, பல்லில்லாத சின்ன வாய். லெட்சுமணன் கையை எடுக்கவே மறந்துபோனான். கபீர் வேறு மங்கில் ஜாடித் தண்ணீர் மொண்டு பொடிமீனை விட்டான். அதுவும் சற்று நேரத்தில் நிமிர்ந்துகொண்டது.

"எனக்கு ஒரு எழவும் புரியலை" என்றார் சார்ஜன். "இதை யாரு ஜாடியில போட்டது?"

"தங்கராஜு சாகுறப்போ கூட இருந்த ஆளு." லெட்சுமணன் ஈரக் கையோடு எழுந்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வந்திருக்கார். தகராறு. தங்கராஜு தொட்டியைப் புடிச்சுக்கிட்டே சாய்ஞ்சிருக்கார். தொட்டி சரிஞ்சு தண்ணியும் மீனும் தரையில. வேட்டிக் கரை நனைஞ்சது அப்பத்தான். வந்த ஆளு அவரைத் தூக்கி நாக்காலியில வச்சுட்டு அப்படியே ஓடியிருக்கலாம். ஓடலை. மீன் துடிக்கிறதை அவரால பாத்துக்கிட்டு இருக்க முடியலை. பொறுக்கித் தொட்டியில போட்டுட்டு, குழாய்த் தண்ணியைப் புடிச்சு விளிம்பு வரைக்கும் ஊத்திட்டு, தரையையும் தொடச்சிருக்காரு. ஜாடியில குறையலை பாருங்க. கருப்பாயி மட்டும் வழுக்கிக்கிட்டு நடையில வந்து கெடந்திருக்கு. அதைக் கையில எடுத்தப்ப வாசல்ல கிருஷ்ணம்மா சத்தம். பக்கத்துல இருந்த ஜாடியில போட்டுப் பலகையை மூடிட்டுப் பின்வழியாப் போயிட்டாரு. காப்பாத்துன மீனெல்லாம் செத்துச்சு. அவசரத்துல போட்டது பொழைச்சுது."

"விஷம்?"

"விஷமே இல்லை. மீன் செத்ததாலதான் நீங்க விஷத்தைத் தேடுனீங்க."

சார்ஜன் மீசையைத் தடவ மறந்தார். "சரி, ஆளு யாரு?"

லெட்சுமணன் சட்டைப்பையிலிருந்து பாக்கை எடுத்தான். "தட்டுல வெத்தலையும் மஞ்சள் தடவுன பாக்கும் எதுக்கு எடுத்துட்டு வருவாங்க?"

"கல்யாணத்துக்கு அழைக்க. ஊர்ல ஆயிரம் கல்யாணம்யா."

"வாங்கிக்கிட்ட பாக்கு சாமிப் படத்துக்கு முன்னால இருக்கும் சார்ஜன். தட்டிவிட்ட பாக்குதான் தண்ணியில விழும். தங்கராஜு தட்டிவிடுற அளவுக்கு உரிமையா அழைக்க வர்ற ஆளு யாரு? இந்த மீனை மடியில வச்சு வளத்த ஆளு யாரு? கெணத்துத் தண்ணியை எறைச்சு அப்படியே ஊத்திப் பழகி, டவுன் குழாயில மருந்து இருக்குறது தெரியாத ஆளு யாரு?"

சார்ஜன் வாசல் பக்கம் திரும்பினார். கபீர் அதற்கு முன்பே திரும்பியிருந்தான்.

ஐயாசாமி முன்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். லெட்சுமணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கிருஷ்ணம்மா செய்யலை. காட்டிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்." அவர் நெஞ்சிலிருந்து நீளமாக மூச்சு வந்தது. அது பொய் மூச்சு இல்லை.

"கருப்பாயி உசுரோட இருக்கு."

துண்டை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "ஜாடியிலயா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கப் பார்க்கவில்லை. "அப்ப மத்ததெல்லாம் எதுக்கு சார் செத்துச்சு? தண்ணி நெறைய ஊத்துனேனே."

"குழாய்த் தண்ணியில மருந்து இருக்கு. ஒரு நாள் வச்சிருந்து ஊத்தணும்."

"எங்க ஊர்ல கெணத்துல எறைச்சு அப்படியே ஊத்துவோம்" என்றார் ஐயாசாமி. பாக்கைப் பார்த்தார். "எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்னு நெனச்சேன்."

சார்ஜன் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியும். இருந்தும் சொல்லிக்கொண்டு போனார். "மாப்பிள்ளை தோட்டத்துல, கூலிக்காரங்க லயத்துல பொறந்த பையன் சார். 'லயத்துக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வர்றதா'ன்னாரு. நாமளும் லயத்துல பொறந்தவங்கதானே அண்ணேன்னேன். தட்டைத் தட்டிவிட்டாரு. கோவத்துல புடிச்சுத் தள்ளிட்டேன். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தவரு எந்திரிக்கவே இல்லை. கூப்ட்டுப் பாத்தேன். மீன்தான் துடிச்சுச்சு, அவரு அசையலை. அன்னிக்கு ராத்திரி ரயில்லயே ஊருக்குப் போயிட்டேன். என்ன செஞ்சேன்னே தெரியலை சார். இப்பவும் ஒண்ணும் தெரியலை."

"ஏன்யா, அப்பறம் எந்தத் தைரியத்துல இவரைக் கூட்டிட்டு வந்தே?" என்றார் சார்ஜன்.

ஐயாசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "யாரு செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லலையே சார். அவ செய்யலைன்னு காட்டச் சொன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்."

கபீர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். சார்ஜன் கைவிலங்கை எடுத்தார், பிறகு திரும்ப இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு, "நடங்க" என்றார். இரண்டு அடி போனதும் ஐயாசாமி திரும்பினார். "பேச்சியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் சார். நீங்க யாரும் சொல்லிறாதீங்க."

சாயங்காலம் கிருஷ்ணம்மா வந்து சேர்ந்தாள். நடந்ததை லெட்சுமணன்தான் சொன்னான். நின்றபடியே கேட்டாள். நேரே பின்கட்டுக்குப் போய் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்தாள். வாளி நிரம்பியதும் முற்றத்தில், மறுநாள் காலை வெயில் முதலில் விழும் இடமாகப் பார்த்துத் தூக்கி வைத்தாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டான் லெட்சுமணன்.

"கருப்பாயிக்குத்தான். வேற யாரு இருக்கா?"

அகப்பையை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் அவள் தோள் ஆடியது. அகப்பையை விடாமலே, கலக்குவதை நிறுத்தாமலே, வாய்விட்டு அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை, குழாயைத் திறந்துவிட்டது போல வந்தது. லெட்சுமணன் எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வெகுநேரம் கழித்துக் கபீர் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, உங்க காப்பியில சீனி போட்டிருக்கா?"

லெட்சுமணன் டம்ளரைப் பார்த்தான். பாதி குடித்திருந்தான்.

"தெரியலை. இரு, குடிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லி, இன்னொரு வாய் குடித்தான்.